பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு

ஒரு பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் ஆசிரியர் பேசும்போது, அந்தப் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டுமா, வெளியே அனுப்ப வேண்டுமா? கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் நான் டீச்சராக இருந்தேன். இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குத் தாய். மேசைக்கு இரண்டு பக்கமும் வந்தாயிற்று. பதில் மட்டும் தெரியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு மாணவியின் தகப்பனார்தான் கண்முன் வருகிறார். அவள் அவரை நைனா என்று கூப்பிடுவாள்.

திருத்தணியிலிருந்து தினமும் பஸ்ஸில், அம்மையார்குப்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன நெசவு ஊருக்குப் போய்வந்தேன். முதல் பெற்றோர் கூட்டத்தை ஒரு வெள்ளிக்கிழமை வைத்தேன், ஒருவரும் வரவில்லை. அமாவாசையன்று வைத்துப் பார் என்றார் தலைமையாசிரியை. அன்று அந்த ஊரில் தறி ஓடாது. சொன்னபடியே வந்தார்கள். தலைக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். நான் பெயர் கூப்பிட, தகப்பனும் பிள்ளையும் எழுந்து வந்தார்கள். நோட்டில் குறித்திருந்ததை உரக்கப் படித்தேன். ஒருவருக்குச் சொல்வதை எல்லோரும் கேட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன். அந்த மாணவியின் நைனாவிடம், "உங்க பொண்ணு தினமும் வகுப்புல தூங்கறா. படிப்புல அக்கறையே இல்ல" என்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவர், "சினிமா கொட்டாயில ரெண்டாவது ஆட்டம் பாத்துகினு வரா போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை அவருடைய சட்டை நுனியைப் பிடித்திருந்தவள் கையை எடுத்துவிட்டாள். அவர், "ஆங், சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வீட்டைத் தேடிப் போனேன். அவள் ராட்டையின் முன் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தை அழுதது. அவர் தறிக்குழியிலிருந்து எழவில்லை. தறியை மட்டும் நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இவ அம்மா புள்ள பெத்து படுத்திருக்காங்க. விடியக்காலம் நாலு மணிக்கு இவள எழுப்பி நூல் சுத்த வெக்கிறது நான்தாங்க. தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரே தெரு ஆளுங்க நடுவுல கேட்டீங்க. தூங்கறதுக்கு இன்னாத்துக்கு இஸ்கூலுன்னு இப்ப தெருவே கேக்குது."

தப்பு என்னுடையது என்றேன். அவள் அம்மா தேறும் வரை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தறியில் அறுந்திருந்த ஓர் இழையை முடிந்தார். பிறகு அவளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் ராட்டையை விட்டு எழுந்து பையைத் தேடப் போனாள்.

அடுத்த அமாவாசைக்குப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, பெற்றோரை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டேன். அவள் இப்போது தூங்குவதில்லை, கணக்கில் அவள்தான் முதல் என்று அவரிடம் சொன்னேன். முதலில் வீட்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் அதையும் சொன்னேன். அவர் திருப்தியோடு போனார். நன்றாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன். ஆனால் அதன்பிறகு அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து, மற்றவர்கள் போகக் காத்திருந்து கேட்டாள்: "உள்ள இன்னா சொன்னீங்க டீச்சர்? நைனா ஒண்ணும் சொல்ல மாட்டறாரு. மறுபடியும் இஸ்கூலுக்கு வராம நின்னுடணுமா?"

அவ்வளவு நல்ல சேதியை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. முதல் தடவை அவமானப்படுத்தினேன். இரண்டாம் தடவை ஒரு வாரம் பயத்தில் வைத்தேன். எது பெரிய தப்பு என்று இன்றும் யோசிக்கிறேன்.

இப்போது என் பெண்ணின் டீச்சர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். மாதக் கடைசியில் வந்து பார்க்க வேண்டுமாம், எதற்கென்று எழுதவில்லை. நாலைந்து முறை படித்துவிட்டேன். "நானும் வரட்டுமாம்மா?" என்று இவள் தினமும் கேட்கிறாள். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பிள்ளையோடு போன தாய்மார்களும், விட்டுவிட்டுப் போனவர்களும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் ஆசிரியர்களும் தயவுசெய்து எழுதுங்கள். இவளை அழைத்துப் போகட்டுமா? வீட்டில் விட்டுப் போனால், திரும்பி வந்ததும் இவளிடம் எவ்வளவு சொல்லலாம்?