சொன்னாலே பாதி

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கிளார்க்காக இருந்தபோது, கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான ஆள். தீப்பெட்டி, பீடியோடு அப்போதுதான் பரவியிருந்த செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் சட்டைப்பையையும் மோந்து பார்த்த பிறகே உள்ளே விடுவார்.

ஒருநாள் மருந்து கலக்குகிறவர் ஒருவர், "தலை ரொம்ப வலிக்கு. இன்னைக்கு உள்ளயே ஒரு பீடி பத்த வைக்கப் போறேன்" என்று அலுத்துக்கொண்டார். வாட்ச்மேன் அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அவருகிட்ட தீப்பெட்டியே இல்லையே, வாயாலதான சொன்னாரு?" என்றேன்.

"சொன்னாலே பாதி செஞ்ச மாதிரிதான் சார்."

"அப்ப முதலாளி, தீயணைக்கத் தண்ணித்தொட்டி கட்டப்போறேன்னு மூணு வருசமாச் சொல்றாரே, அதுவும் பாதி கட்டின மாதிரியா?"

"அது முழுசாக் கட்டின மாதிரி சார். ஆபீசருக வந்து, தொட்டி இருக்குன்னு கையெழுத்தே போட்டுட்டுப் போயிட்டாகள்ல" என்றார், சிரிக்காமல்.

அது கேலியா, விசுவாசமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.