அப்பா பார்க்காத படங்கள்

கைபேசித் திரையில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வீடியோ அழைப்பைக் கண்டுபிடித்தவர் ஒருநாளாவது எங்கள் றொசல்ல மலைப் பக்கம் பேசிப் பார்த்திருக்க வேண்டும். கொழும்பில் என் அறைக்குள் நான் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். அங்கே தேயிலைத் தோட்டத்தில், சிக்னல் தேடி அப்பா லயத்து வீட்டுக்கு வெளியே நடக்கிறார்.

"இப்ப தெரியுதாம்மா?"

சின்ன வயதில் ஞாயிறுதோறும் அப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் டிவி வந்தது எங்கள் காம்பராவுக்குத்தான். கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. படம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் திரை முழுக்கப் புள்ளி விழும். அப்பா வெளியே போய் அன்டெனா கம்பத்தைத் திருப்புவார். அவர் கை பட்டிருக்கும் வரை படம் தெளிவாக இருக்கும். விட்டால் போய்விடும்.

"விட்றாதீங்கப்பா, அப்படியே நில்லுங்க!" என்று உள்ளிருந்து கத்துவது நான்தான்.

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் நிற்பார். அக்கம்பக்கத்து ஆட்கள் உள்ளே சிரிப்பது மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். படம் முடிந்ததும் நனைந்தபடி வந்து, "கடைசியில என்னாச்சு?" என்பார். விளையாட ஓடும் அவசரம் எனக்கு. "எல்லாம் சேந்துட்டாங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன்.

"இப்ப தெரியுதா? மழ வேற வருது."

கைபேசித் திரையில் அவர் முகம் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

"நல்லாத் தெரியுதுப்பா," என்றேன். "நீங்க உள்ள போங்க."