பேச்சியம்மாள் பாட மறுத்த பெயர்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அம்மா போன் செய்து, “பேச்சி மதினி போயிருச்சுத்தா” என்றார். காலண்டர் சீசன். மெஷின் சத்தத்தில் இரண்டாம் முறை சொல்லித்தான் விளங்கியது.

பேச்சியம்மாள் அத்தை நாரணாபுரத்தில் பட்டாசுக்குத் திரி வைக்கும் வேலை பார்த்தவர். சுற்று வட்டாரத்துத் துட்டி வீடுகளில் அவர்தான் ஒப்பாரி பாடுவார். இறந்தவரின் பெயரை முதலில் எடுப்பார். பிறகு தாய், தாயின் தாய், அவர்கள் பிழைக்க வந்த ஊர் என்று வரிசையாகப் போவார்.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இப்படி வம்சம் பாடும் பெண்கள் உண்டு என்று கல்லூரியில் படித்தேன். ஒருவர் பாடுவதை அத்தைக்குப் போனில் காட்டினேன்.

“யாரு செத்துருக்கா?”

“கல்யாண வீடுத்தை.”

“உசுரோட இருக்கவுகளையா பாடுது? குடுத்து வச்சவுக. நான் பாடுனத எந்த மகராசன் கேட்டுருக்கான்.”

அடுத்த ஆண்டு, அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிவிபத்து. மாலைவரை அம்மாவைக் காணவில்லை. வீட்டில் சனம் கூடிவிட்டது. மாமா அத்தையைப் பார்த்து, “ஆரம்பிங்க மதினி” என்றார்.

“மொகத்தப் பாக்காம பேரெடுக்க மாட்டேன் தம்பி. எடுத்துட்டா செத்தவுக வரிசையில சேந்துரும்.”

“பெறகு எதுக்கு வந்தீக?”

“புள்ள கூட ஒக்காரத்தான்.”

பெண்கள் முணுமுணுத்தார்கள். அத்தை அசையவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து யாருடைய போனிலோ அம்மா பேசினார். கையில்தான் தீக்காயம். அத்தை சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, “போயிட்டு வாரேன்” என்றார். துட்டி வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அடக்கத்தன்று கம்பெனிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அம்மா பாட ஆரம்பித்தார். அத்தையின் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் ஓடவில்லை. அவருடைய தாயார் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோர் வம்சத்தையும் அவர் கேட்டு வைத்திருந்தார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவர் என்பது மட்டும் தெரியும். வெறுமனே அழுது அனுப்பிவைத்தோம்.

இதைக் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் அம்மா மறுபடியும் பாட உட்காருவார். பேச்சியம்மாளைப் பெற்றவர் பெயர் தெரிந்தவர்கள் அதற்குள் வந்து சொல்லுங்கள்.