எழுதாததைச் செய்யாத மனிதர்

அந்த உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேதியியல் சார். அவரிடம் பட்டம் இருக்கிறது. இன்னொருவர் ஆய்வக உதவியாளர். அவரிடம் துடைக்கிற துணி இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகச் சோதனைக் குழாய் கழுவுகிறவர். குழாயின் அடியில் ஒட்டிய கறையைப் பார்த்தே எந்த வகுப்பு, என்ன சோதனை, எவ்வளவு சொதப்பல் என்று சொல்லிவிடுவார். ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியல் தாளில் மூன்று முறை கோட்டை விட்டவர். மற்ற பாடமெல்லாம் எப்போதோ தேறியாயிற்று. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

இது வெளியே வந்ததே ஓர் ஆசிரியர் கூட்டத்தில்தான். காலாண்டு விடைத்தாள்களைக் கட்டாக மேசையில் போட்டுவிட்டு மொழி டீச்சர் பொரிந்து தள்ளினார். பிள்ளைகளுக்குப் பாடம் தெரிகிறது, தெரிந்ததை நாலு வரியில் சொல்லத் தெரியவில்லை. இனி எல்லாப் பாடத்திலும் எல்லா ஆசிரியர்களும் மொழியையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி. மேசை விசிறி ஒன்றுதான் தலையை ஆட்டியது. அதுவும் இல்லை, இல்லை என்று.

"வாக்கியம் உங்க டிபார்ட்மென்ட் டீச்சர். எனக்குச் சமன்பாடு சரியா இருந்தா போதும்" என்றார் வேதியியல் சார்.

"எண்ணுக்கெல்லாம் வாய் கிடையாதுப்பா" என்றார் கணக்கு டீச்சர்.

நாற்காலி தூக்கி வந்த உதவியாளருக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, வாயைத் திறந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். நான் மூணு தடவை ஃபெயிலானது இதுலதான். செய்யச் சொன்னா கண்ணைக் கட்டிக்கிட்டுச் செய்வேன். எழுதச் சொன்னா கை ஓடாது."

எல்லாரும் சிரித்தார்கள். மொழி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நாலாவது தடவை எழுதுங்க. அதுவரைக்கும் உங்க கை எனக்கு வேணும்."

நாலாவதுதான் கடைசி. அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறது. பழைய பாக்கிக்காரர்களுக்கு அதன்பிறகு கதவு கிடையாது. தேறினால் ஆய்வக நுட்பநர் வேலைக்கு மனுப் போடலாம், சோதனையைத் தானே நடத்திக் காட்டலாம். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை துணிதான்.

தலைமை ஆசிரியை, எதையும் உடைக்காமல் செய்து பாருங்கள் என்று அனுமதி கொடுத்தார். ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிடம், அன்றைக்குச் செய்ததைப் பிள்ளைகள் எழுத வேண்டும். உதவியாளர் வந்து, எழுதியபடியே செய்வார். எழுதாததைச் செய்ய மாட்டார்.

முதல் நாள், மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டில் படிகம் வளர்க்கும் சோதனை. 'நீரைச் சூடாக்கவும். தூளைப் போடவும்' என்று ஒருவன் எழுதியிருந்தான். உதவியாளர் புட்டியைத் திறந்து அப்படியே சாய்த்தார்.

"ஐயோ அண்ணே! ரெண்டு ஸ்பூன்!"

"எழுதியிருக்கா?"

"இல்லண்ணே..."

"அப்போ புட்டி முழுசும்தான்."

வேதியியல் சார் துள்ளி எழுந்தார். "யோவ், ஒரு வருஷ ஸ்டாக்குய்யா அது!"

"அதையும் எழுதலியே சார்!"

வகுப்பே அலறியபடி பேனாவைத் தேடியது. கணக்கு வகுப்பில் வட்டம் எவ்வளவு பெரியது என்று எழுதாததால், கரும்பலகையில் தொடங்கிய சுண்ணக்கட்டி சுவருக்குப் போய், கணக்கு டீச்சரின் தலைக்கு மேலே வளைந்து திரும்பியது. விளையாட்டு மைதானத்தில் 'ஓடவும்' என்று மட்டும் எழுதினார்கள். எங்கே நிற்பது என்று சொல்லவில்லை. வாசல்வரை போனவரைக் காவலாளி மடக்கிக் கொண்டுவந்து சேர்த்தார். ஒரே மாதத்தில் எந்தப் பாட நோட்டைத் திறந்தாலும் எவ்வளவு, எதுவரை, ஏன் என்பது வரிக்கு வரி உட்கார்ந்திருந்தது. பத்து நிமிடம் போதவில்லை என்று முதலில் சண்டைக்கு வந்தவர் கணக்கு டீச்சர்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தலைகீழ். உதவியாளர் எழுத வேண்டும், பிள்ளைகள் செய்வார்கள். பழிவாங்க இதைவிட நல்ல நாள் உண்டா? முதல் வாரம் அவர் எழுதியது ஒரே வரி: 'கலக்கினால் நீலம் வரும்.'

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எதைக் கலக்கணும்ணே? ஏன் நீலம் வருது?"

"வரும்மா. இருபத்திரண்டு வருஷமா வருது."

"அது காரணம் இல்லண்ணே."

மனிதர் வியர்த்துப்போனார். அடுத்த வாரம் ஐந்து வரி. அதற்கடுத்த வாரம் ஒரு பக்கம். வியாதி வீட்டுக்கும் தொற்றியது. மோட்டாரைப் போடச் சொன்ன மனைவியிடம், எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"தொட்டி நிரம்புற வரைக்கும்ங்க! இதையும் எழுதித் தரணுமா?"

தேர்வு நாளும் வந்தது. முந்தைய மூன்று முறையும் பாதித் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தவர், அன்று மாலை பள்ளிக்குள் ஓடிவந்த ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது.

"டீச்சர்! கூடுதல் தாள் வாங்கினேன்! ரெண்டு! நூல் போட்டுக் கட்டினேன்!"

"கேள்வியெல்லாம் எப்படி?"

"கேள்வி கிடக்கட்டும் டீச்சர், ரெண்டு தாள்!"

முடிவு வந்த காலையில் அலுவலக ஜன்னலில் பத்தாம் வகுப்பு முழுவதும் தொங்கியது. எழுத்தர் பதிவு எண்ணைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. உதவியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "யாராவது பாருங்க, யாராவது பாருங்க" என்று முனகினார்.

"ஐம்பத்தெட்டு! அண்ணே, பாஸ்!"

தேற முப்பத்தைந்து போதும். கிளம்பிய கூச்சலில் தலைமை ஆசிரியையே அறையைவிட்டு ஓடிவந்தார். மொழி டீச்சர் எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில் அந்தக் கைதான் கிடைத்தது. கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வேதியியல் சார் நுழைந்தார், முகம் சிவந்திருந்தது.

"ஐம்பத்தெட்டா? அறுபதைத் தாண்டணும்யா! படிகக் கேள்விக்கு எழுதினதை வரி பிசகாம எங்கிட்ட சொன்னீரே, ஒவ்வொரு வாக்கியமும் முத்து மாதிரி! எவன் திருத்தினான்? மறுமதிப்பீட்டுப் படிவம் எங்கே?"

"விடுங்க சார், பாஸானா போதும்."

"உமக்குப் போதும். எனக்குப் போதாது!"

உதவியாளர் அதற்குள் வராந்தாவுக்குப் போய் மனைவிக்கு ஃபோன் போட்டிருந்தார். "ஐம்பத்தெட்டு! ஐம்பத்தெட்டும்மா!"

"கத்தாதீங்க, காது கிழியுது" என்றது எதிர்முனை. பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க."