கைக்குட்டையில் முடிந்த பிளக்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தூரில் கராஜ் வைத்திருக்கிறேன், பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களைத் திருத்துவதுதான் தொழில், ஓடாத இயந்திரம் ஏன் ஓடவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்புகிறவன். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன்.

வல்வெட்டித்துறையில் இடிந்த கொட்டில் ஒன்றைத் துப்புரவாக்கியபோது ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் வெளிவந்தது, போய் எடுத்து வந்தேன். வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்த இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. இயந்திரத்தில் சோக்குத்தூள் தடவிப் பார்த்ததில், பட்டாளத்துக்கென்று செய்த பழைய ஐந்நூறு சீசீ என்பது மட்டும் தெரிந்தது. படத்தை முகநூலில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு வட்டுக்கோட்டையிலிருந்து ஜெயந்தி அக்கா வந்தார், பள்ளிக்கூட ரீச்சர். அவர் இலக்கத்தைப் பார்க்கவே இல்லை, குனிந்து பெற்றோல் தாங்கிக்குக் கீழே பார்த்தார்.

பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் இங்கே எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினார்கள், ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் கட்டியிருக்கும். இந்த வண்டியில் அந்தப் போத்தலுக்குப் பிடி செய்திருந்தது ஒரு பித்தளைக் காம்பை வளைத்து.

"இது அம்மாவின்ரை அகப்பைக் காம்பு தம்பி. அப்பாவின்ரை வண்டிதான்" என்றார், சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல.

இராணுவம் வருகிறதென்று ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது இவர்களும் வண்டியை வீட்டில் வைத்துவிட்டு நடந்தார்கள். விட்டுவிட்டுப் போகிற வண்டியை வேறு யாரும் எடுத்துப் போகாமலிருக்க, இயந்திரத்துக்குப் பொறி கொடுக்கிற பிளக்கைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது அப்போதைய வழக்கம். பிளக்கை அம்மாவின் கைக்குட்டையில் முடிந்துவிட்டவரே அப்பாதான். பிறகு, தங்கியிருந்த கொடிகாமத்திலிருந்து வண்டியை எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனார், பிளக் தன்னிடம் இருப்பது அம்மாவுக்கு அவர் போன பிறகுதான் உறைத்தது. அவர் வரவே இல்லை. பிளக் இல்லாமல் அகப்பட்டுவிட்டார், நான்தான் கொன்றேன் என்று அந்த மனுசி இத்தனை வருடமாக அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறார், இப்போது எழும்ப முடியாத நோய் வேறு.

"வீட்டிலை விட்ட வண்டி வல்வெட்டித்துறைக்குப் போயிருக்கு, அப்பா ஓடிக்கொண்டு போனவரோ, இல்லை வேறை ஆரும் வண்டியை ஏத்திக்கொண்டு போய்ப் போட்டதோ? அம்மா கண்ணை மூடமுதல் அதை மட்டும் சொல்லும்" என்றார் அக்கா.

பிளக் துளை வெறுமையாக இருந்தது, உள்ளே மண். "சொல்ல ஏலாதக்கா" என்றேன்.

வண்டியை அவருக்காகத் திருத்தத் தொடங்கினேன், மழைக்காலம் தொடங்கியபோது அக்கா அந்தப் பிளக்கையே கொண்டுவந்து தந்தார், இதைத்தான் பூட்ட வேண்டும் என்பது அம்மாவின் கட்டளையாம். பார்த்தேன், ஒரு பொட்டுக் கரி இல்லை, பிடித்துப் பிடித்தே மினுங்கியிருந்தது. அன்றைக்கு என்னிடம் இருந்தது இயந்திரத்தின் மூடி மட்டும், ஹெட் என்போமே, அந்த இரும்புத் துண்டு. சிலிண்டரும் பிஸ்டனும் யாழ்ப்பாணத்தில் லேத்துக்காரனிடம். பிளக் துளையில் புதிதாக வெட்டிய புரி சரியா என்று பார்க்க மேசைமேல் கிடந்த ஹெட்டில் பிளக்கைக் கையால் முறுக்கிவிட்டு, பின்பக்கம் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். பகல் நேரம், நல்ல மழை, கரண்டும் இல்லை.

குடித்துக்கொண்டிருக்கும்போது ஒற்றைச் சிலிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. மண்ணெண்ணெயில் ஓடுகிற இயந்திரத்துக்குத் தனியாக ஒரு தட்டல் உண்டு, சின்ன வயதில் கேட்டு வளர்ந்த காது, பிழைக்காது. இந்தக் காலத்தில் யாரடா இது என்று நினைத்தேனே தவிர எழும்பவில்லை. சத்தம் விலகி விலகிப் போய் மழைக்குள் இல்லாமல் போனது.

உள்ளே வந்தால் மண்ணெண்ணெய் மணம். பிளக்கைக் கழற்றப் பிடித்தேன், பெருவிரல் பொசுங்கியது. துணி சுற்றிக் கழற்றிப் பார்த்தால் முனை கறுப்பு, ஈரக் கரி. பயம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்குள் ஒன்றுமே இல்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிவைத்தது நினைவிருக்கிறது.

மறுநாள் வட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை வாங்கி மணந்து பார்த்தார். அழவில்லை.

"ஓடியிருக்கு" என்றார். "கடைசியா வந்து எடுத்துக்கொண்டு போயிட்டார், பிள்ளை. இனி இதை நான் வைச்சிருக்கத் தேவையில்லை."

என் கையில் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார், கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அம்மா பகலில் நித்திரை கொண்டு தான் பார்த்ததே இல்லை என்று அக்கா சொன்னார்.

கேற்றடி வரை வந்தவர் மெதுவாகக் கேட்டார், "நீர்தானே தம்பி கரி பூசினனீர்?"

சிலிண்டர் லேத்துக்காரனிடம் இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓமக்கா" என்று வந்தது.

"நன்றியடா" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அது வசதி.

வண்டியை ஓட்டமாக்கிக் கொடுத்துவிட்டேன், வேறு பிளக் பூட்டி. சுட்ட பெருவிரலில் கொப்புளம் வரவில்லை, நோகவும் இல்லை. அன்றையிலிருந்து அதில் உணர்ச்சி இல்லை, ரேகையும் இல்லை. இப்போதும் அந்த விரலை வைத்தால் என் போன் என்னை யாரென்று அடையாளம் காண்பதில்லை.