பொருளாதாரக் கூட்டத்துக்கு மைக்செட் போட்டவன் பாடு

ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். ஏனுங்க, அந்தப் பலாமரத்தடியில நின்னு பேசறவிய, பேச்ச நிறுத்திப்போட்டு இப்புடி வந்து உக்காருங்க சாமி. சேரு நம்மளுதுதான். ஒடைஞ்சாலும் உங்க மேல பழி போடமாட்டேன்.

மைக்செட்டுத் தொழில்ல ஒரே ஒரு கஷ்டந்தானுங்க: பேசறவரு முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சு ஓட முடியாது, ஒயரு நம்மளுது. கூட்டத்துல மாட்டிக்கிட்டு கொட்டாவிய வாய்க்குள்ளயே மென்னு முழுங்குன மகராசங்களே, நீங்கெல்லாம் எனக்குச் சொந்தக்காரங்க.

கொல்லிமலையில கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்துன்னா நாந்தான் கட்டுவேன். மழைக்காலத்துல அதொண்ணும் கெடையாது. அப்பத்தான் குப்புசாமி சாரு வந்தாரு. காலேஜுல பாடம் எடுத்து ரிட்டையர்டு ஆனவரு. மாசம் ஒரு பொருளாதார நிபுணரக் கூட்டியாந்து, தேசம் எப்புடி வளருதுன்னு எங்களுக்கு வெளக்கோணும்னு அவருக்கு ஆசை. மழைக்காலம் பூரா எங்க ஊட்டு அடுப்பு எரிஞ்சதே அந்தக் கூட்டத்த நம்பித்தான். ஆனா சாரு ஒரு கண்டிசன் போட்டாரு. கூட்டம் ஒருவாட்டி பாதியில கலைஞ்சா, அடுத்ததுலருந்து கீழ டவுன்லதான், மலைமேல கெடையாது. "ஆள உக்கார வெக்கறது மைக்செட்டுக்காரன் வேலைங்களா சார்?"னு கேட்டேன். "வாய் இருக்கறது உனக்குத்தானப்பா"ன்னாரு.

ஆமாங்க, ஆமாங்க

முதல் கூட்டம் திண்ணனூர் நாட்டுப் பக்கம். எங்க மலையில நாலு ஊரு சேந்தா அதுக்குப் பேரு நாடு. வந்தவரு மூக்காலயே பேசுவாரு. "ஒரு தேசத்தின்ன்ன் வளர்ச்சி என்பதுஉஉ..." பேசிப் பாக்கோணும்னா ரெண்டு வெரலுல மூக்கப் புடிச்சுக்கங்க, அச்சு அசலா வரும். அந்த ஊர்க்காரவியளுக்கு ஒரு பழக்கமுங்க. ஒருத்தர் நின்னு பேசுனா, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால இருக்கறவிய "ஆமாங்க" போடோணும். போடாட்டி பேசறவருக்கு மரியாத இல்லீன்னு ஆயிரும். அன்னைக்கு அந்த வேலைய எடுத்துக்கிட்டவரு காளியண்ணன், மொளகு வெவசாயி.

"வரியைக் குறைத்தால் வளர்ச்சி வரும் என்கிறார்கள்." "ஆமாங்க." "அது தவறு!" "ஆமாங்க." "வரியைக் கூட்டச் சொல்கிறார்கள் சிலர்." "ஆமாங்க." "அதுவும் தவறு!" "ஆமாங்க." நிபுணருக்குக் குளுருல வேர்த்துப் போச்சு. "ஐயா, நீங்கள் எந்தப் பக்கம்?"னு கேட்டுட்டாரு. காளியண்ணன் எந்திரிச்சாரு, துண்ட இடுப்புல கட்டுனாரு. "நீங்க போற பக்கமெல்லாம் கூடவே வாரனுங்க. பேசி முடிச்சிட்டீங்கன்னா எம்பட ஊட்டுப் பக்கம் போயிக்குவேன்."

காலிக் கூடை

அடுத்தவரு சின்ன வயசு. வெலவாசி ஏறுறதப் பத்திப் பேச்சு, திருப்புலி நாட்டுல. வார்த்தைக்கு வார்த்தை "ஓக்கேவா?" போடுவாரு. ஒரு கூடைய மனசுல நெனைங்க, ஓக்கேவா? மாசம் கடையில வாங்கறதெல்லாம் அதுல போடுங்க, ஓக்கேவா? காத்துல கூடை புடிச்ச மாதிரி ரெண்டு கையயும் நீட்டிக்கிட்டு நின்னாரு. ராகி?ன்னாரு. கூட்டத்துலருந்து, "அது காட்டுல வெளையுதுங்க." கெழங்கு? "ஊட்டுக்குப் பொறத்தால குச்சிக்கெழங்கு கெடக்குது." பழம்? "இதா தலைக்கு மேல பலா தொங்குது, போறப்ப ரெண்டு சொள தின்னுட்டுப் போங்க."

பாவம், கை வலிச்சு எறக்கிட்டாரு. "அப்ப கடைக்கு எதுக்குத்தாங்க போறீங்க?"ன்னாரு, ஓக்கேவாவக்கூட மறந்துபோட்டு. பாப்பாத்தி அக்கா வெத்தலைய ஒதுக்கிக்கிட்டுச் சொல்லுச்சு: "உப்புக்கும் ரீசார்ஜுக்கும் கண்ணு. அது ரெண்டும் ஏறாமப் பாத்துக்கிட்டியின்னா, மிச்சக் கூடைய நாங்க பாத்துக்கறம்."

டம்ளரு கோபுரம்

மூணாவது கூட்டம் வாசலூர்பட்டியில, போட் ஹவுஸ் பக்கம். இவரு குரலு லோடு லாரி மேடு ஏறுற மாதிரி. மேல இருக்கற பெரிய தொழிலுக்குச் சலுகை கொடுத்தா, அது நெறஞ்சு வழிஞ்சு கீழ இருக்கறவனுக்கும் வருமாம். சொன்னா பத்தாதுன்னு, டீக்கடையிலருந்து டம்ளர வாங்கி மேசையில கோபுரமா அடுக்கி, மேல இருந்த டம்ளர்ல தண்ணி ஊத்துனாரு. நல்லாத்தான் வழிஞ்சுது. வழிஞ்சு நேரா எங்க போச்சுங்கறீங்க? எம்பட ஆம்ப்ளிபயருக்குள்ள! 'டர்ர்ர்'ருன்னு ஒரு சத்தம், செத்துப் போச்சு.

ஜனம் எந்திரிக்க ஆரம்பிச்சுருச்சு. கலைஞ்சா அடுத்த மாசம் சோறு இல்ல. பாஞ்சு சேரு மேல ஏறி, நானே மைக்காயிட்டேன். அவரு மெதுவாச் சொல்ல, நான் அதே லாரிக் குரலுல, தொண்டைய அறுத்துக்கிட்டுக் கத்த. எந்திரிச்சதுக பூரா உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுதுக. குப்புசாமி சாரு மட்டும் சிரிக்கல. கடைசியில ராமாயி அக்கா கைய ஒசத்துச்சு: "ஏனுங்க, மேல இருக்கறதே நாங்கதானுங்க. மலையில பேயற தண்ணி பூரா கீழ ஓடி, அங்கதான் நெல்லு வெளையுது. அந்த நெல்லு எப்பங்க மேல வழியும்?"

அந்தம்மா வராத அன்னைக்கு

நாலாவது மாசம் கீழருந்து ஒரு அம்மா வரோணும். ரொம்பப் படிச்சவிய, பொஸ்தகமெல்லாம் எழுதியிருக்காங்களாம். மூணு ஊருக் கூட்டமும் வந்து உக்காந்து ரொம்ப நேரமாச்சு, அம்மாவக் காணோம். செல்லுல டவரு இல்ல. காருல வாராங்கன்னு நெனச்சுக்கிட்டு, குப்புசாமி சாரு ரோட்டு வளைவுல போயி எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாரு. இங்க காளியண்ணன் துண்ட ஒதறிட்டாரு. பாப்பாத்தி அக்கா, "மாடு கட்டோணும் கண்ணு"ங்குது. மைக்கு எம்பட கையில. வேற என்னங்க பண்ணுவேன்?

ஏறிட்டேன். மூக்கப் புடிச்சு ஒரு தேசத்தின்ன்ன். காளியண்ணன் பழக்கதோசத்துல "ஆமாங்க"ன்னாரு. உக்காந்துட்டாரு! அப்பறம் கூடை, ஓக்கேவா. அப்பறம் லாரிக் குரலு. வளர்ச்சி வந்துக்கிட்டே இருக்குது, வளர்ச்சி பாதி வழியில நிக்குது, வளர்ச்சி எழுபது வளைவு ஏறி வாரதால கொஞ்சம் லேட்டு. எனக்கே ருசி கண்டு போச்சுங்க. குடிக்கத் தண்ணி கேட்டேன், கண்ணாடி இல்லாமயே மூக்குல கண்ணாடியத் தள்ளி விட்டேன். "கேள்வி யாருக்காச்சும் இருந்தாக் கேக்கலாம்!"னு வேற சொல்லிப்போட்டேன்.

அந்த நேரம் பாத்து சாரு ஓடி வாராரு. "டேய் மைக்செட்டு, எறங்குடா! அம்மா பஸ்ஸுல வந்து ஒரு மணி நேரம் ஆச்சுதாம், கண்டக்டரு இப்பத்தான் சொன்னாரு! எங்கடா அவிய?" எல்லாத் தலையும் திரும்புச்சு. கடைசி வரிசையில ஒரு அம்மா. பஸ்ஸுல வந்த வளைவெல்லாம் வயித்துக்குள்ள சுத்த, வாயத் தொறந்தா எங்க வெளிய வந்துருமோன்னு, எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு மூச்சுக்கூட விடாம உக்காந்திருக்காங்க. கீழ எறங்கப் போற பஸ்ஸுக்குக் காத்திருக்கறவியன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். மலையில ஒருத்தரு எந்திரிக்கல; மாட்டையெல்லாம் மறந்துபோட்டு, என்ன நடக்கப் போவுதுன்னு சேர முன்னால இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

அம்மா மெதுவா எந்திரிச்சாங்க. பழத்த முந்தானையில முடிஞ்சாங்க. மேடைக்கு வந்து எம்பட கையிலருந்து மைக்க வாங்குனாங்க. வந்ததுலருந்து அப்பத்தான் வாயத் தொறந்தாங்க:

"வளர்ச்சிங்கற வார்த்தைய நாப்பது தடவ சொன்னீங்க தம்பி. நான் எழுதிட்டு வந்ததுல அம்பது தடவ இருக்கு. மிச்சம் பத்த நான் சொல்லிக்கறேன், எறங்குங்க."