ஆசையண்ணை கையெழுத்திட்ட கடைசித் தாள்

ஆசையண்ணை, உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தில் தங்கச்சியின் எழுத்தும் வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

அன்று காலையில் உங்கள் லொறிக் கொம்பனியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். உங்கள் பெயர் மட்டும் விளங்கியது. நீங்கள் வரப் பிந்தும் என்கிறார் என்று நினைத்து, "மெர்சி" சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். மத்தியானம் பொலிஸ் வந்து எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக் கதவைத் தட்டும்வரை உங்களுக்குச் சோறு மூடி வைத்திருந்தேன். அமெரிக்க எல்லைக்கு அப்பால், மலை இறக்கத்தில் லொறி பிரண்டதாம்.

உங்களை அறிந்தவர்களுக்கு அந்தக் கத்திக் கதை தெரியும். தேங்காய் உடைக்கிற கத்தியின் பின்பக்கத்தால்தான் லொறி ரயரைத் தட்டிப் பார்ப்பீர்கள். எல்லையில் சோதித்தவர்கள் அதைக் கண்டு இரண்டு மணித்தியாலம் மறித்து வைத்தார்கள். "தேங்காய் உடைக்கிற கத்தி எண்டன். அப்ப தேங்காய் எங்கை எண்டு கேக்கிறாங்கள் பிள்ளை!" என்று வந்து சிரித்தீர்கள்.

லொறி ஓட்டுகிற சட்டங்கள் எனக்கு இன்றும் குழப்பம். புறப்படுமுன் லைற், ரயர், பிரேக் எல்லாம் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். பிழை என்று எழுதினால், திருத்தும்வரை லொறி போகக் கூடாது. கீழே சாரதியின் கையெழுத்து. "கையெழுத்து வைச்சால் அது சத்தியம் பண்ணின மாதிரி" என்பீர்கள்.

மூன்று முறை பிரேக் பிழை என்று எழுதினீர்கள். இன்னொரு முறை எழுதினால் வேலை இல்லை என்றார் முதலாளி. கொழும்பில் காத்திருக்கும் என் கணவரை இங்கே கூப்பிட உங்கள் வேலைதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடி. கடைசியாக நீங்கள் வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போடும்போது நான்தான் சொன்னேன்.

"இவர் வந்து சேருமட்டும் சரி எண்டு போடுங்கோவன் அண்ணை. எல்லாரும் அப்பிடித்தானே போடுகினம்?"

"நீ கதையை விட்டிட்டுத் தேத்தண்ணியைத் தா."

கொம்பனியில் அந்தத் தாளைக் காட்டினார்கள். பிரேக்குக்கு நேரே சரி. கீழே உங்கள் கையெழுத்து. இடையில் பிரேக்கைத் திருத்தினார்களா என்று மொழிபெயர்க்க ஆள் வைத்துக் கேட்டேன். ஒருவர் திருத்தியது என்றார். மற்றவர் தனக்குத் தெரியாது என்றார்.

போன கிழமை இவருக்கு விசா வந்துவிட்டது. சந்தோசப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டை விட்டு இறங்குமுன் அடுப்பு, யன்னல், பூட்டு என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

அண்ணை, அன்றைக்குப் பார்த்தபோது பிரேக் பிடித்ததா? இல்லை, நான் சொன்னதற்காகவா சரி போட்டீர்கள்?